பள்ளிக்கே போகாதவர் பள்ளியிலிருந்து விலகுவது எப்படி?

(நூலக வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அமெரிக்காவில், பள்ளிப் படிப்பை முடித்ததற்கு ஈடான ஜி.இ.டி. தேர்வுக்குப் பதிவு செய்வது கைபேசியிலேயே முடிகிற வேலை. பெயர், முகவரி, மாநிலம், பிறந்த தேதி, அவ்வளவுதான். ஆனால் பிறந்த தேதியைப் போட்டதும் சிலருடைய கணக்கு மட்டும் அங்கேயே நின்றுவிடும். வயது 16 அல்லது 17 என்றால், மாநிலம் கேட்கிற தாள்களை அனுப்பு, அனுமதி வந்த பிறகு தேர்வுத் தேதி எடுத்துக்கொள் என்று தகவல் வரும். பல மாநிலங்களில் அந்தத் தாள்களில் முக்கியமானது, கடைசியாகப் படித்த பள்ளி தருகிற விலகல் கடிதம். நம் ஊர் டி.சி. மாதிரி. இன்ன மாணவர் இன்ன தேதியில் எங்களை விட்டுப் போய்விட்டார் என்று பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்து, அதே மேசையில் அல்ஜிப்ரா வரை வந்துவிட்ட பிள்ளைக்கு அந்தக் கடிதத்தை யார் கொடுப்பது?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நூறு இருநூறு பேர் இல்லை. கூட்டாட்சிக் கல்வித் துறையின் கணக்குப்படி 1999-இல் வீட்டிலேயே படித்தவர்கள் சுமார் 8.5 லட்சம், 2012-இல் சுமார் 17.7 லட்சம். கொரோனா ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை எடுத்த ஆய்வில், வீட்டுவழிக் கல்வி நடத்துவதாகச் சொன்ன குடும்பங்கள் 2020 வசந்தத்தில் 5.4 விழுக்காடு, இலையுதிர் காலத்தில் 11.1 விழுக்காடு. 1970-களின் இறுதியில் கல்வியாளர் ஜான் ஹோல்ட் பெற்றோருக்காகச் செய்தி இதழ் நடத்திய நாட்களில், பல மாநிலங்களில் இது சட்டத்தின் கண்ணில் மண் தூவிச் செய்கிற காரியமாக இருந்தது. 1990-களின் தொடக்கத்துக்குள் 50 மாநிலங்களிலும் சட்டப்படியானதாகிவிட்டது. எல்லாம் சரி, படிப்பு முடிந்ததற்கு அத்தாட்சி எது என்ற கேள்விக்கு மட்டும் 50 மாநிலங்களில் 50 விதமாகப் பதில் கிடைக்கிறது.

முதலில் தேர்வு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். நான்கு தாள்கள். கணிதத்துக்கு 115 நிமிடம், மொழிக்கு 150, அறிவியலுக்கு 90, சமூக அறிவியலுக்கு 70. கூட்டினால் ஏழு மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. 2014-இலிருந்து எல்லாம் கணினியில்தான். ஒவ்வொரு தாளுக்கும் 100 முதல் 200 வரை மதிப்பெண். தேர்ச்சிக்கு முதலில் 150 என்று வைத்தார்கள். தேறுவோர் எண்ணிக்கை சரிந்து கூச்சல் கிளம்பியதும் 2016 ஜனவரியில் 145 என்று இறக்கினார்கள். நான்கிலும் தேறியவருக்கு மாநிலம் ஒரு சான்றிதழ் தரும். அங்கே ஹைஸ்கூல் டிப்ளமா என்பது நம் ப்ளஸ் டூ சான்றிதழ் இருக்கிற இடத்தில் இருப்பது. அதற்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தச் சான்றிதழின் பொருள். இத்துடன் ஹைசெட் என்று இன்னொரு தேர்வும் 2014-இல் வந்தது. அதே ஆண்டில் வந்த டாஸ்க் என்ற தேர்வு 2021 முடிவோடு மூடப்பட்டு, அதை நம்பியிருந்த நியூயார்க் மறுபடி ஜி.இ.டி.க்கே திரும்பியது.

சுலபமான தேர்வு என்ற பேச்சு உண்டு. அப்படி இல்லை. பள்ளியை முடிக்கப்போகிற மாணவர்களையே உட்காரவைத்து எழுதச் செய்து, அவர்கள் வாங்குகிற மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் தேர்ச்சி எல்லையை வகுக்கிறார்கள். அந்த மாணவர்களிலேயே கணிசமானோர் தாண்ட முடியாத உயரம் அது. டிப்ளமா கையில் வாங்கப்போகிறவரே கோட்டைவிடக்கூடிய தேர்வை எழுதித் தேறியவருக்கு, அந்த டிப்ளமாவைவிட ஒரு படி கீழான தாள் கிடைக்கிறது. இந்த விசித்திரத்துக்குக் காரணம் தேர்வின் பிறப்பிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர். 1942 நவம்பரில் கட்டாயப் படைச் சேர்ப்பின் வயது 18-க்கு இறங்கியது. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுப் பையன்கள் கப்பல் ஏறினார்கள். திரும்பி வருகிறவனை மறுபடி பதினோராம் வகுப்பு பெஞ்சில் உட்காரச் சொல்ல முடியுமா? விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் இருந்த ராணுவப் பயிற்சிக் கல்வி நிறுவனமும் அமெரிக்கக் கல்வி மன்றமும் சேர்ந்து ஒரு தேர்வுக்கு ஏற்பாடு செய்தன. அயோவாவில் பள்ளித் தேர்வுகளை வடிவமைத்துப் பேரெடுத்த ஈ. எஃப். லிண்ட்குவிஸ்ட், சிகாகோவின் ரால்ஃப் டைலர் இருவரும் அதற்கு மூளையாக இருந்தவர்கள். எங்கே படித்தாய், எந்த வகுப்பில் எத்தனை நாள் உட்கார்ந்தாய் என்று அந்தத் தேர்வு கேட்கவில்லை. ஒரு பத்தியைக் கொடுத்தால் படித்துப் புரிந்துகொள்வாயா, ஒரு வரைபடத்தைக் கொடுத்தால் முடிவுக்கு வருவாயா என்றுதான் கேட்டது. பதுங்குகுழியில் கற்றாலும் கப்பல் தளத்தில் கற்றாலும் கல்வி கல்விதான் என்ற நிலை. 1947-இல் நியூயார்க் மாநிலம் முதன்முதலாக இதை ராணுவத்தில் இல்லாத சாதாரண மக்களுக்கும் திறந்துவிட்டது.

எங்கே கற்றாய் என்று கேட்காத தேர்வு. வீட்டில் கற்ற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு கிடைக்குமா? காகிதத்தில் கிடைக்காது. நடைமுறையில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் முதலில் கதவைச் சாத்துகிறார்கள்.

வேண்டுமென்றே செய்த சதி என்று இதைச் சொல்லிவிட முடியாது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து ஜி.இ.டி. எழுதுகிறவர்களின் முகம் மாறியது. வயதானவர் குறைந்து, நேற்றுவரை வகுப்பில் இருந்த பதினாறு, பதினேழு வயதுக்காரர்கள் கூடினார்கள். 1993-இல் ஸ்டீவன் கேமரானும் ஜேம்ஸ் ஹெக்மனும் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று கல்வித் துறையினரின் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஹெக்மன் 2000-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பெற்றவர். ஜி.இ.டி. வாங்கியவர்கள் வேலைச் சந்தையில் டிப்ளமாக்காரர்களுக்கு ஈடாக நிற்கவில்லை, படிப்பை நடுவில் விட்டவர்களோடுதான் நிற்கிறார்கள் என்பது அதன் முடிவு. தேர்வு அறிவை அளக்கிறது, ஆனால் நேரத்துக்கு வருவது, எடுத்ததை முடிப்பது போன்ற குணங்களை அளக்கவில்லை என்று அவர் பின்னால் விரித்துச் சொன்னார். குறுக்குவழி இருப்பதாலேயே பையன்கள் பள்ளியை விடுகிறார்கள் என்ற வாதமும் சேர்ந்துகொண்டது. வேலி உயர்ந்தது. 18 வயது ஆகட்டும். இல்லையேல் பள்ளிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், மாவட்டக் கல்வி அதிகாரி கையெழுத்து என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கம்பி கட்டியது.

வேலி கட்டியவர்கள் மனத்தில் இருந்தது வகுப்பைவிட்டு ஓடுகிற பையன். வகுப்புக்கே வராத பிள்ளை அவர்கள் கணக்கில் வரவில்லை.

விஸ்கான்சினையே பாருங்கள், தேர்வுக்கு இடம் கொடுத்த அதே மாநிலம். அங்கே பொதுவான விதி, பதினெட்டரை வயது நிரம்பியிருக்க வேண்டும். அல்லது விண்ணப்பிப்பவர் எந்த அணியோடு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாரோ அந்த அணி படிப்பை முடித்து வெளியேறியிருக்க வேண்டும். எழுதியவருக்கு எவ்வளவு இயல்பாக வந்திருக்கும் அந்த வாக்கியம்! ஒன்பதாம் வகுப்பில் யாரோடும் சேராதவருக்கு எந்த அணியைக் காட்டுவது?

வர்ஜீனியா இதை யோசித்துச் செய்திருக்கிறது. அதன் சட்டத் தொகுப்பில் இந்தத் தேர்வை யார் எழுதலாம் என்ற பிரிவில், 18 வயதானவர்களுக்கு அடுத்த இனமாகவே, 16 வயதாகி, வீட்டில் பெற்றோர் கற்பிக்க அந்தக் கல்வியை முடித்தவர்கள் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே வரி. அந்த ஒரு வரி இருந்தால் விலகல் கடிதம் என்ற பேச்சே எழாது. மற்ற மாநிலங்கள் அந்த வரியை நகலெடுக்கக் கூடத் தயங்குவது ஏன் என்பது புரியாத விஷயம்.

கலிஃபோர்னியா கதை வேறு. அங்கே ஜி.இ.டி.க்குப் பொதுவாக 18 வயது ஆக வேண்டும், அல்லது 18 நிறைய 60 நாளுக்குள் இருக்க வேண்டும். ஆனால் அந்த மாநிலம் 1970-களிலிருந்து தனக்கென்று ஒரு தேர்ச்சித் தேர்வையும் நடத்திவந்தது. 16 வயதானால் எழுதலாம். தேறினால் சட்டப்படி டிப்ளமாவுக்குச் சமம். வீட்டில் படித்த பிள்ளைகள், நடிப்பு, விளையாட்டு என்று சீக்கிரமே வேலைக்குப் போன பிள்ளைகள் பலர் அதன் வழியாகத்தான் சமுதாயக் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். 2023-இல் அதை நிறுத்திவிட்டு, மொழி, கணிதம் இரண்டை மட்டும் சோதிக்கும் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். வழி அடைபடவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியது.

டெக்சாஸில் 17 வயதானவர் பெற்றோர் கையெழுத்தோடு எழுதலாம். 16 என்றால் நீதிமன்ற உத்தரவு மாதிரி கனமான காரணம் வேண்டும். நியூயார்க்கில் தேர்வுக்குக் கட்டணமே கிடையாது, அது பெரிய விஷயம். ஆனால் வீட்டில் படித்தவருக்கு உள்ளூர்ப் பள்ளி டிப்ளமா தராது என்று விதியே இருப்பதால், கல்லூரிப் பட்டம் வாங்க வேண்டுமென்றால் கல்வி அதிகாரியிடம் சமநிலைக் கடிதம், ரீஜென்ட்ஸ் என்கிற மாநிலத் தேர்வுகள் ஐந்து, 24 கல்லூரிக் கிரெடிட், இந்தச் சமநிலைத் தேர்வு என்று பல வழிகளில் ஏதாவதொன்றில் போயாக வேண்டும். பென்சில்வேனியா 2014-இல் ஒரு சட்டம் போட்டது. பெற்றோர் கொடுக்கிற டிப்ளமாவில் பன்னிரண்டாம் ஆண்டு மதிப்பீட்டாளரும் கையெழுத்திட்டால், மாநில அரசு அதை ஒப்புக்கொள்ளும். அங்கே வீட்டுப் பிள்ளைக்கு ஜி.இ.டி. தேவையே இல்லாமல் போயிற்று.

தேவையில்லாமல் போக வேண்டும் என்பதுதான் வீட்டுவழிக் கல்வி இயக்கத்தின் விருப்பமும். 1983-இல் மைக்கேல் ஃபாரிஸும் மைக்கேல் ஸ்மித்தும் தொடங்கிய சட்டப் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: எங்கள் பிள்ளைகள் இடைநின்றவர்கள் அல்ல, அவர்களை ஜி.இ.டி. எழுதச் சொல்வது, முழுசாகப் படித்தவர் நெற்றியில் பாதியில் விட்டவர் என்று முத்திரை குத்துவது. இதில் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் பல கல்லூரிகள் பள்ளி மாணவரிடம் கேட்காத ஜி.இ.டி.யை வீட்டு மாணவரிடம் மட்டும் கேட்டன. ராணுவம் டிப்ளமாக்காரரை முதல் தட்டிலும், ஜி.இ.டி.காரரை இரண்டாம் தட்டிலும் வைத்தது. வென்டிஸ் உணவகங்களைத் தொடங்கிய டேவ் தாமஸ் 1993-இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, இந்தத் தேர்வை எழுதித் தேறினார். கோடீஸ்வரர் ஆன பிறகும் அந்தத் தாள் இல்லாதது அவரை உறுத்தியிருக்கிறது. அவருக்கு அது கௌரவம். பதினேழு வயதுப் பிள்ளை அதைக் காட்டினால் ஏன் பள்ளியை விட்டாய் என்று கேட்பார்கள்.

இயக்கம் போராடி வாங்கியதும் கொஞ்சமல்ல. 1998-இல் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, மாநிலச் சட்டப்படி வீட்டில் மேல்நிலைக் கல்வியை முடித்தவர் ஜி.இ.டி. இல்லாமலே கூட்டாட்சிக் கல்வி உதவித்தொகை பெறலாம் என்று ஆனது. 2003-இல் டெக்சாஸ், வீட்டில் படித்தவர்களை மற்றவர்களைப் போலவே நடத்த வேண்டும் என்று தன் அரசுக் கல்லூரிகளுக்கு உத்தரவிட்டது. 2011 முடிவில் கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டம் ராணுவத்தில் சேரவும் அதே சமத்துவத்தைக் கொடுத்தது. அம்மா அச்சடித்து, அப்பா கையெழுத்துப் போட்ட டிப்ளமாவுக்கு வாஷிங்டனில் மரியாதை கிடைத்துவிட்டது.

இத்தனை வெற்றிக்குப் பின்னும் ஜி.இ.டி. வாசலில் நிற்கிற வீட்டுப் பிள்ளை யார்? பெற்றோர் டிப்ளமா கொடுக்காத பிள்ளை. கொடுத்தும், அதில் எழுதியிருக்கிற பாடங்கள் எதையும் உண்மையில் படிக்காத பிள்ளை. அப்பா அம்மாவோடு முரண்பட்டு வீட்டைவிட்டு வந்த பிள்ளை. அறிவைப் பெற்றோரும் சாராமல், பள்ளியும் சாராமல் நிரூபிக்கிற ஒரு வழி இவர்களுக்குத்தான் வேண்டும். ஆனால் 18 வயதுக்குக் கீழே அந்த வழியின் ஒவ்வொரு படியிலும் ஒன்று பள்ளியின் கையெழுத்து, இல்லையேல் பெற்றோரின் கையெழுத்து. பெற்றோருக்காகப் பேச நாற்பது ஆண்டு அனுபவமுள்ள வக்கீல்கள் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்காகப் பேச, வீட்டில் படித்து வளர்ந்தவர்களே கூடி ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியதே 2013-இல்தான்.

டாரா வெஸ்டோவரின் வாழ்க்கை பலருக்குத் தெரிந்திருக்கும். 2018-இல் வந்த அவருடைய தன்வரலாற்று நூல் உலகமெங்கும் விற்றது. ஐடஹோ மலையடிவாரத்தில் பழைய இரும்புக் கிடங்கு நடத்திய குடும்பம். வீட்டில் படிப்பதாகப் பெயர். படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிறந்தபோது பதிவே செய்யவில்லை. ஒன்பது வயதில்தான் தாமதப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. அண்ணன் ஒருவர் வழிகாட்ட, தானாகவே முக்கோணவியல் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, கல்லூரி நுழைவுக்கான ஏ.சி.டி. தேர்வை எழுதினார். முதல் முறை 22, அடுத்த முறை 28. யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணைப் பார்த்து 17 வயதில் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து கேம்பிரிட்ஜ், 2014-இல் முனைவர் பட்டம். விடாமுயற்சிக் கதையாகத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த அவை கவனிக்க வேண்டியது வேறு. ஏ.சி.டி. எழுத யாரும் அவரிடம் பள்ளி விலகல் கடிதம் கேட்கவில்லை. ஜி.இ.டி.தான் ஒரே வழி என்ற மாநிலத்தில், அதே வயதில், அதே தகப்பனோடு இருந்திருந்தால்?

பிறப்புச் சான்றிதழ் விஷயம் சின்னதல்ல. தேர்வறைக்குள் நுழைய அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். டெக்சாஸில் வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே படித்து, மருத்துவமனைப் பதிவோ சமூகப் பாதுகாப்பு எண்ணோ இல்லாமல் வளர்ந்த இளம்பெண் ஒருவர், தான் பிறந்ததையே நிரூபிக்க உதவுங்கள் என்று காணொளியில் கேட்டது அந்நாட்டில் பெரிய செய்தியானது. பள்ளி இல்லை என்பதால் பள்ளிப் பதிவேடும் இல்லை. தாமதச் சான்றிதழுக்கு மாற்று ஆதாரம் காட்டவும் வழி இல்லை. 2015-இல் டெக்சாஸ் சட்டமன்றம், பிள்ளையின் அடையாளத்தை நிறுவத் தேவையான ஆவணத்தைத் தர மறுக்கும் பெற்றோர் மீது குற்ற வழக்குத் தொடரலாம் என்று சட்டம் செய்தது. ஆமிஷ் என்ற கிறித்தவச் சமயச் சமூகத்தைவிட்டு வெளியே வரும் இளைஞர்களில் பலருக்கும் இதே தொல்லை. எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு, சமூகப் பாதுகாப்பு எண் கிடையாது. முதல் வேலைக்கே ஜி.இ.டி. கேட்பார்கள்.

அந்த எட்டாம் வகுப்பு எல்லைக்கு உச்ச நீதிமன்றமே கையெழுத்திட்டிருக்கிறது. 1972, விஸ்கான்சின் எதிர் யோடர் வழக்கு. மேடிசனுக்குப் பக்கத்திலேயே நியூ கிளாரஸ் என்ற ஊர். 14, 15 வயதுப் பிள்ளைகளை ஹைஸ்கூலுக்கு அனுப்ப மறுத்த மூன்று ஆமிஷ் தகப்பன்மாருக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம். வழக்கு வாஷிங்டன் வரை போய், மத உரிமையின் பேரில் தகப்பன்மார் வென்றார்கள். நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் பாதி மாறுபட்டு எழுதினார். பெற்றோர் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டீர்கள், பிள்ளைகளைக் கேட்டீர்களா என்பது அவர் கேள்வி. மூன்று குடும்பங்களில் ஒரே ஒரு பெண்தான் சாட்சி சொல்லியிருந்தாள். மற்றவர்களில் ஒருவனுக்குப் பியானோ வாசிக்கவோ, விண்வெளிக்குப் போகவோ, கடலை ஆராயவோ ஆசை இருந்தால் அதை யார் கேட்டறிவது என்றார் அவர்.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு இதில் ஓர் ஆச்சரியம் இருக்கும். சான்றிதழ், கையெழுத்து, முத்திரை என்று எல்லாவற்றுக்கும் பெயர் போன நம் நாட்டில், 1989-இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது ஆகியிருந்தால் போதும் என்கிறது. முன்பு எந்தப் பள்ளியிலும் படித்ததற்கான சான்று இல்லாவிட்டாலும், இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுக்கலாம். சென்னையிலும் புணேயிலும் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் பலர் அந்த வழியில்தான் போகிறார்கள். அங்கும் குறை உண்டு. தேர்வு முடிவு தாமதம், பாடநூல் தாமதம் என்று புலம்பாத பெற்றோர் அபூர்வம். ஆனால் இடைநின்றவரா, சேராதவரா என்று வாசலில் பிரித்துப் பார்ப்பதில்லை.

2020-இல் தொற்றுக் காலத்தில் ஜி.இ.டி.யை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் வசதி வந்தது. கேமரா வழியாக ஒருவர் கண்காணிப்பார். அதற்கு முந்தைய 60 நாளுக்குள் மாதிரித் தேர்வில் தேறும் அளவு மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். மாதிரித் தேர்வில் தேறினால் உண்மைத் தேர்வுக்கு அனுமதி: இது அறிவை வைத்துக் கட்டிய வேலி. வயதுக்குப் பதிலாக இந்த அளவுகோலையே 16, 17 வயதுக்காரர்களுக்கும் வைத்தால் என்ன கெட்டுவிடும்? பள்ளியைவிட்டு ஓடிவிடுவார்கள் என்ற பயம் பள்ளியில் பெயர் உள்ளவர்களுக்குத்தானே பொருந்தும். பெயர் இல்லாதவர் எங்கிருந்து ஓடுவார்?

வர்ஜீனியாவின் அந்த நல்ல வரியிலும் ஓர் இடம் இடிக்கிறது. பெற்றோர் கற்பிக்க, அந்தக் கல்வியை முடித்தவர் என்கிறது சட்டம். முடிந்ததா என்று சொல்ல வேண்டியது கற்பித்தவர், அதாவது பெற்றோர். பதினாறு வயதுப் பெண் முடிந்தது என்கிறாள், தகப்பன் இன்னும் முடியவில்லை என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் பேச்சு எடுபடும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தையும் இல்லை. அவள் 18 வயது வரை காத்திருக்க வேண்டியதுதான்.